பழைய வண்டிக்கு எந்தக் கூலன்ட்?

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழைய வண்டியின் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றுவது ஆகாது என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாக் கேள்விகளையும் ஓரங்கட்டிவிட்டதால், இம்முறை பக்கம் முழுவதையும், எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவமான கூலன்டுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால், விவரம் கூடுதலாக உள்ள கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, என் தந்தையார் வாங்கிய 1982 ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 4 பெட்ரோல் கார் இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுவரை கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றி வந்தோம். அண்மையில் ரேடியேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தபின், ஐந்து ஆண்டுகள் மாற்றவே தேவையில்லாத ஆரஞ்சு நிறக் கூலன்டை ஊற்றும்படி உதிரிபாகக் கடைக்காரர் சொல்கிறார். எங்கள் மெக்கானிக்கோ பச்சைதான் ஏற்றது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— காரைக்குடி வாசகர்

பதில்: மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள், ஆனால், நிறத்தை நம்பி அல்ல. கூலன்டின் நிறம் தயாரிப்பாளர் கலக்கும் சாயம் மட்டுமே. இன்ன வகைக்கு இன்ன நிறம் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரு நிறுவனத்தின் பச்சையும் இன்னொரு நிறுவனத்தின் பச்சையும் உள்ளடக்கத்தில் முற்றிலும் வேறாக இருக்கக்கூடும்.

கூலன்டில் மூன்று பொருள்கள் இருக்கின்றன. வெப்பத்தைச் சுமப்பது தண்ணீர். உறைநிலையைத் தாழ்த்தி, கொதிநிலையை ஓரளவு உயர்த்துவது எத்திலீன் கிளைக்கால். மூன்றாவதாக, அளவில் மிகக் குறைவாகச் சேர்க்கப்படும் அரிப்புத் தடுப்பான்கள், எஞ்சினுக்குள் உள்ள உலோகங்களைத் துருவிலிருந்து காக்கின்றன. சந்தையில் இத்தனை வகைக் கூலன்டுகள் இருப்பதற்கும், அவற்றின் விலை இவ்வளவு வேறுபடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த மூன்றாவது பொருள்தான். பழைய முறையில் சிலிக்கேட், பாஸ்பேட், போரேட் போன்ற கனிம உப்புகளைச் சேர்த்தார்கள். இவை ஊற்றியவுடனே எல்லா உலோகப் பரப்பின்மீதும் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். விரைவாகக் காப்பதால் விரைவாகவே தீர்ந்தும்விடும். அதனால்தான் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். 1990-களின் நடுவிலிருந்து பரவிய புதிய முறையில் கரிம அமிலங்களைச் சேர்க்கிறார்கள். அரிப்பு எங்கே தொடங்குகிறதோ அங்கே மட்டும் சென்று படிவதால் அவை மெதுவாகச் செலவாகின்றன. நான்கைந்து ஆண்டுகள் தாங்குகின்றன. கடைக்காரர் காட்டிய ஆரஞ்சுப் பாட்டில் அநேகமாக இந்த இரண்டாம் வகையாக இருக்கும்.

இனி உங்கள் காரைப் பாருங்கள். அதன் 1489 சி.சி. எஞ்சினில் பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள அடிப்பகுதி) வார்ப்பிரும்பு, ஹெட்டும் (அதன்மேல் மூடியாக அமரும் பகுதி) வார்ப்பிரும்பு. ரேடியேட்டரின் குழாய்கள் செம்பும் பித்தளையுமாக இருக்கும். மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் பித்தளை. இவற்றை ஒட்டவைத்திருப்பது ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று. இந்த அமைப்பில் மிகவும் மென்மையானது அந்த ஈயப் பற்றுதான். அது அரிக்கப்பட்டால் குழாய்களின் வாயில் வெண்மையாகப் பூத்து, முதலில் வழியை அடைக்கும். பிறகு கசியத் தொடங்கும். ரேடியேட்டர் பட்டறையில் மேல் தொட்டியைக் கழற்றியபோது நீங்கள் உடன் இருந்திருந்தால் அந்தப் பூப்பைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள்.

நியாயமாகச் சொல்வதென்றால், தரமான புதிய கூலன்டுகளும் ஈயப் பற்றை மறந்துவிட்டுத் தயாரிக்கப்பட்டவையல்ல. கூலன்டுகளுக்கான புகழ்பெற்ற அமெரிக்கச் சோதனை ஒன்றில் செம்பு, பித்தளை, ஈயப் பற்று, எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் ஆகிய ஆறு உலோகத் துண்டுகளைக் கூலன்டில் மூழ்கவைத்து, 88 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 336 மணி நேரம், அதாவது இரண்டு வாரம், காற்றூதிக்கொண்டே வைத்திருந்து எடை பார்க்கிறார்கள். அதில் தேறிய கரிம அமிலக் கூலன்ட் உங்கள் ரேடியேட்டரை ஒரே பருவத்தில் கரைத்துவிடாது. ஆயினும் நாற்பது ஆண்டுப் பற்றுக்கு, மெதுவாக வேலை செய்யும் காவலைவிட உடனே படலம் விரிக்கும் காவலே பொருத்தம் என்பது என் கருத்து. மேலும், கரிம அமிலங்களில் சில, கசிவைத் தடுக்கும் சீல்களில் சிலிக்கோன் போன்ற சில வகைகளை மென்மையாக்கும் இயல்பு கொண்டவை. உங்கள் காரில் பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்க வைக்கும் எந்த கேஸ்கட்டை எப்போது எதைக் கொண்டு மாற்றினார்கள் என்பதை இன்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இதைவிட வலுவான காரணம் ஒன்று உண்டு. ஐந்து ஆண்டு என்னும் உறுதிமொழி, காற்றுப் புகாத மூடிய அமைப்பை மனத்தில் கொண்டு தரப்படுவது. இன்றைய கார்களில் சூட்டில் விரியும் கூலன்ட் ரிசர்வ் பாட்டிலுக்குப் போய், ஆறியவுடன் திரும்பி வருகிறது. பழைய அம்பாசிடரில் அந்தப் பாட்டில் கிடையாது. கழுத்தருகே உள்ள சிறு குழாய் வழியாக மிகுதி தரையில் கொட்டிவிடும். ஆறும்போது அதன் இடத்தைக் காற்று நிரப்பும். ஆக்சிஜன் பட்ட கிளைக்கால் சிறிது சிறிதாக அமிலமாக மாறும். அந்த அமிலத்தைச் சமன்செய்தே தடுப்பான்கள் தீர்ந்துபோகும். ஆகவே எந்த விலையில் வாங்கி ஊற்றினாலும் உங்கள் வண்டியில் அது ஐந்து ஆண்டு உழைக்கப்போவதில்லை. இரண்டு ஆண்டில் மாற்றத்தான் வேண்டும் என்றால், இரண்டு ஆண்டுக்கென்றே செய்ததை வாங்குவதுதானே முறை?

ஆகவே கனிம உப்பு வகைக் கூலன்டை, பாட்டிலில் ஐ.எஸ். 5759 என்னும் இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைக்காரருக்கு வகை தெரியவில்லையென்றால் பாட்டிலின் பின்புறத்தைப் படியுங்கள். ‘நீண்ட ஆயுள்’, ‘சிலிக்கேட் இல்லாதது’ என்று பெருமையாக எழுதியிருந்தால் அது உங்களுக்கானது அல்ல. ஊற்றும்போது கழுத்து வரை நிரப்பாமல், ஓர் அங்குலம் இடம் விட்டு நிறுத்துங்கள். எட்டு லிட்டர் பிடிக்கும் அமைப்பில் சூடேறும்போது ஏறக்குறைய முந்நூறு மில்லி விரியும். இடம் விடாவிட்டால் அவ்வளவும் சாலையில் கொட்டும். தினமும் காலையில் மட்டம் குறைந்திருக்கிறதே என்று கழுத்து வரை நிரப்பி, தினமும் கொட்டவிட்டு, கடைசியில் வாட்டர் பம்ப் ஒழுகுகிறது என்று புதிய பம்ப் வாங்கிய அம்பாசிடர் உரிமையாளர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் உண்டு.

கேள்வி: என்னிடம் பச்சைக் கூலன்ட் உள்ள பழைய கார் இருக்கிறது. வழியில் குறைந்துபோனபோது சிவப்பை ஊற்றிவிட்டார்கள். எஞ்சின் கெட்டுவிடுமா?
— மதுரை வாசகர்

பதில்: கெட்டுவிடாது, அஞ்ச வேண்டாம். இரு வகைகளும் பெரும்பாலும் கலந்துவிடும். ஆனால் கலவையின் ஆயுள் குறைந்துபோகும். அரிதாகச் சில சேர்க்கைகளில் சிலிக்கேட் பிரிந்து கூழாகத் திரளும். அந்தக் கூழ் போய் நிற்கும் இடம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள். ஊர் திரும்பியதும் முழுவதையும் வடித்துவிட்டு, தண்ணீரில் ஓரிரு முறை அலசி, ஒரே வகையாக நிரப்பிவிடுங்கள்.

நிறக் குழப்பத்துக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஐரோப்பாவில் பல பகுதிகளில் தண்ணீர் கடினமானது. பாஸ்பேட்டும் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்தால் படிவு உண்டாகும் என்பதால் அங்குள்ளவர்கள் பாஸ்பேட்டை ஒதுக்கிச் சிலிக்கேட்டை வைத்துக்கொண்டார்கள். சிலிக்கேட் வாட்டர் பம்ப் சீல்களைத் தேய்க்கும் என்று கருதிய ஜப்பானியர்கள் அதை ஒதுக்கிப் பாஸ்பேட்டை வைத்துக்கொண்டார்கள். நம் நாட்டுச் சாலைகளில் இரு குடும்பத்து வண்டிகளும் ஓடுவதால், நம் கடைகளில் இரு குடும்பத்துப் பாட்டில்களும் ஒரே தட்டில் நிற்கின்றன.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைக் கூலன்டில் கலக்கலாமா? ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர் மிகவும் தூயது என்கிறார்களே, அது ஆகுமா?
— திருப்பூர் வாசகர்

பதில்: கூலன்டைத் தேர்வதில் காட்டும் கவனத்தில் பாதியையாவது தண்ணீரில் காட்ட வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன், கேட்பவர் குறைவு. எஞ்சின் தயாரிப்பாளர்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் வரம்பின்படி, கூலன்டில் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 40 மில்லி கிராமுக்கும், சல்பேட் 100-க்கும், கடினத்தன்மை 170-க்கும் மிகாமல் இருக்க வேண்டும். நம் குடிநீருக்கான இந்தியத் தரமோ 250 மில்லி கிராம் வரை குளோரைடை ஏற்றுக்கொள்கிறது. வேறு நீர் கிடைக்காத இடங்களில் 1000 வரைகூட அனுமதிக்கிறது. நாம் குடித்து உடம்புக்கு ஒன்றும் ஆகாத தண்ணீர், ரேடியேட்டருக்கு ஆகாததாக இருக்கலாம் என்பது பலருக்கும் வியப்பாகத்தான் இருக்கும். குளோரைடு அலுமினியத்தில் ஊசிமுனைத் துளைகளை உண்டாக்கும். சுண்ணாம்பு எஞ்சினில் சூடு அதிகமுள்ள இடம் எதுவோ அங்கேயே, அதாவது ஹெட்டுக்குள் வால்வுகளைச் சுற்றி, ஓடாகப் படியும். வெளியில் ரேடியேட்டர் பளபளவென்று இருக்க, உள்ளே ஹெட் மட்டும் வெந்துகொண்டிருக்கும் வண்டிகள் உண்டு.

ஆர்.ஓ. தண்ணீரில் கரைந்த உப்புகள் பெருமளவு நீங்கிவிடுகின்றன. கையில் வேறொன்றும் இல்லாதபோது அதைத் தயங்காமல் ஊற்றலாம். ஆனால் குடிப்பதற்குச் சுவை வேண்டும் என்று சில கருவிகளில் தாதுக்களை மீண்டும் சேர்க்கிறார்கள். வடிகட்டும் சவ்வு பழையதாகியிருந்தால் உப்பும் கூடுதலாகத் தங்கும். மிகச் சரியானது பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். அதை வாங்கும்போது, அதே கடையில் அதே போன்ற கேனில் விற்கப்படும் பேட்டரி ஆசிட்டை மாற்றி எடுத்துவிடாதீர்கள். ஏ.சி. தண்ணீர் பிறக்கும்போது தூயதுதான். ஆனால், தூசியும் பாசியும் படிந்த காயிலின்மீது வழிந்து, உலோகத் துகளையும் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வாளிக்கு வருகிறது. செடிக்கு ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தடுப்பான் கலக்காத தூய நீரை மட்டும் ஊற்றி ஓட்டினாலும் இரும்பு துருப்பிடிக்கும்.

கேள்வி: வார இறுதிகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு எங்கள் பழைய பிரீமியர் பத்மினி காரில் செல்வது வழக்கம். குன்னூரை நெருங்கும்போது கொதித்துவிடுகிறது. கூலன்டைச் சரிபாதியாகக் கலந்தால் தீருமா? ஊட்டிக் குளிரில் உறையும் அபாயம் உண்டா?
— மேட்டுப்பாளையம் வாசகர்

பதில்: சரிபாதியாகக் கலந்தால் தீராது, கூடவும் கூடும். கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது என்பது உண்மைதான். ஆனால், அது தண்ணீரைப்போல் வெப்பத்தைச் சுமக்காது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் தேவை. சரிபாதிக் கலவைக்கு ஏறத்தாழ 3.4 போதும். எடைக்கு எடை பார்த்தால் வெப்பச் சுமையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. பனிப்பிரதேசங்களில் −37 டிகிரி வரை உறையாமல் காக்கவே சரிபாதி தேவைப்படுகிறது. நீலகிரியில் மார்கழி, தைப் பனியில் வெப்பம் சுழியைத் தொடும். சில பள்ளத்தாக்குகளில் அதற்கும் ஓரிரு டிகிரி கீழே போகும். அதற்கு முப்பது விழுக்காடே தாராளம். அந்தக் கலவை ஏறக்குறைய −16 டிகிரி வரை உறையாது. முப்பதுக்குக் கீழும் போக வேண்டாம். கிளைக்காலோடு சேர்ந்தே தடுப்பான்களும் நீர்த்துப்போகும். ஒரு பங்கு கூலன்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர் என்பதே நம் தட்பவெப்பத்துக்கு நான் சொல்லும் கணக்கு.

உங்கள் சிக்கல் ரேடியேட்டர் மூடியில் இருக்க வாய்ப்பு அதிகம். ஏறத்தாழ முந்நூறு மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் தண்ணீரின் கொதிநிலை இறங்கும். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குச் சற்று முன்னதாகவே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைத் தேக்கி அந்த இழப்பை ஈடுசெய்கிறது. அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஒவ்வொரு பவுண்டு கூடும்போதும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். ஆகவே ஏழு பவுண்டு மூடி நன்றாக இருந்தால் பத்து டிகிரிக்கு மேல் ஆதாயம். மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால் தருவதோ மூன்று, நான்கு டிகிரிதான். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கூலன்டும் கல்லாறு தாண்டிக் கொதிக்கத்தான் செய்யும். உங்கள் வண்டிக்குரிய அதே பவுண்டு அளவுள்ள புதிய மூடியை வாங்குங்கள். நவீனக் கார்களின் 0.9 பார் (ஏறத்தாழ 13 பவுண்டு) மூடியைப் பழைய ரேடியேட்டரில் திணித்தால், அதன் ஈயப் பற்று அந்த அழுத்தத்தைத் தாங்காது. மூடிக்குப் பிறகு ஃபேன் பெல்ட்டின் தொய்வையும், ரேடியேட்டர் குழாய்களின் அடைப்பையும், இக்னிஷன் டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) பாருங்கள்.

கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் எழுதுவார்கள், நானும் எழுதுகிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஏற்காடு மலைப்பாதையில், ஈரத் துணி இருக்கிறதே என்ற துணிச்சலில் திறந்ததன் தழும்பு என் முன்கையில் இன்னும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் 1994 மாருதி 800-இல் பல ஆண்டுகளாக வெறும் தண்ணீர்தான். இப்போது துரு நிறத்தில் வடிகிறது. கூலன்டுக்கு மாறினால் கசிவு தொடங்கும் என்று பயமுறுத்துகிறார்கள். மாறலாமா?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: மாறத்தான் வேண்டும், அம்பாசிடரைவிட உங்கள் வண்டிக்கு அது அவசரம். உங்கள் எஞ்சினின் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். இரு வேறு உலோகங்கள் ஒரே உப்புத் தண்ணீரில் நிற்பது ஒரு பேட்டரிக்குச் சமம். அதில் தின்னப்படுவது அலுமினியம். ரேடியேட்டர் இன்னும் பழைய செம்பு–பித்தளையாக இருந்தால், அதிலிருந்து கரையும் செம்பு அலுமினிய ஹெட்டில் போய்ப் படிந்து குழி பறிக்கும். ஐயமிருந்தால் ஒரு காந்தத்தை எடுத்து ஹெட்டிலும் பிளாக்கிலும் வைத்துப் பாருங்கள்; ஒட்டாத இடம் அலுமினியம். எந்தப் பழைய வண்டிக்கும் கூலன்ட் தேர்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இதுவே. உங்கள் வண்டிக்கு ஜப்பானியப் பாஸ்பேட் வகை, அதாவது ஜே.ஐ.எஸ். கே 2234 என்று குறிக்கப்பட்டது, பொருத்தமாக இருக்கும். ரேடியேட்டரை அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியுமாக ஏற்கெனவே மாற்றியிருந்தால், கேஸ்கட்டுகளும் ஹோஸ்களும் புதியவையாக இருக்கும்பட்சத்தில், நீண்ட ஆயுள் வகையையும் நான் தடுக்கமாட்டேன். ரிசர்வ் பாட்டில் உள்ள மூடிய அமைப்பு உங்களுடையது.

கசிவு பற்றி அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கிளைக்கால் கலந்த நீர், வெறும் நீர் நுழையாத நுண்ணிய இடைவெளியிலும் நுழையும். பல ஆண்டுத் துருவும் சுண்ணாம்பும் அடைத்துவைத்திருந்த ஓட்டைகளைக் கழுவித் திறந்தும்விடும். ஆனால், அந்த ஓட்டைகளைக் கூலன்ட் போடவில்லை, தண்ணீர் போட்டது. முன்பு கசிந்தது ஆவியாகிக் கண்ணில் படாமல் போயிற்று. இப்போது சாய நிறத்தில் கறை விட்டுக் காட்டிக்கொடுக்கிறது. ஆகவே மாற்றும்போதே ஹோஸ்களையும், அவற்றின் கிளிப்புகளையும், பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வட்டத் தகடு அடைப்பான்களையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அந்தத் தகடுகள் உள்ளிருந்து துருப்பிடித்து, காகிதம்போல் மெலிந்திருப்பது வழக்கம்.

சுத்தம் செய்ய ரேடியேட்டருக்கென்று விற்கும் கழுவு திரவத்தைப் பயன்படுத்துங்கள். காஸ்டிக் சோடா எக்காரணம் கொண்டும் வேண்டாம். அது அலுமினியத்தை நுரைக்க நுரைக்கத் தின்னும். வடிக்கும் நீர் தெளியும் வரை அலசிய பிறகுதான் நிரப்ப வேண்டும். பெரும்பாலோர் தவறுவது இந்த நிரப்பும் கட்டத்தில்தான். ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்தால் எல்லாத் தண்ணீரும் வெளியே வருவதில்லை. பிளாக்குக்குள் ஒரு பகுதி தங்கிவிடும். எடுத்துக்காட்டாக, மொத்தம் நான்கு லிட்டர் பிடிக்கும் அமைப்பில் இரண்டரை லிட்டர் வடிந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒரு பங்காக முன்பே கலந்து விற்கும் கூலன்டை இரண்டரை லிட்டர் ஊற்றினால், உள்ளே தங்கிய ஒன்றரை லிட்டர் தண்ணீரோடு சேர்ந்து அது இருபத்தொரு விழுக்காடாகச் சுருங்கிவிடும். அதனால் முதல் முறை நிரப்பும்போது செறிவான கூலன்டை வாங்கி, மொத்தக் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை, இங்கே ஒன்றே கால் லிட்டருக்குச் சற்று அதிகமாக, முதலில் ஊற்றிவிட்டு, மீதியை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். ஹீட்டர் உள்ள வண்டியானால் அதன் நெம்புகோலைச் சூடான பக்கத்தில் வைத்து, மூடியைத் திறந்தபடி எஞ்சினை ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் நிற்கும் வரை காத்திருங்கள். மறுநாள் காலை மட்டத்தை மீண்டும் பாருங்கள்.

கேள்வி: நம் ஊருக்கு எதற்கு என்று சொல்லித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். சரியா?
— திருநெல்வேலி வாசகர்

பதில்: தவறு. எஞ்சின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் உரிய சூட்டை எட்டவே நேரமெடுக்கும், எரிபொருள் வீணாகும், சிலிண்டர் தேயும். ரேடியேட்டரைத் தொடாமல் சுற்றும் பைபாஸ் வழியையும் தெர்மோஸ்டாட்டே அடைக்கும்படி அமைந்த எஞ்சின்களில், அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிவந்து, சூடு குறைவதற்குப் பதிலாகக் கூடும். கழற்றியவர் அப்போது மறைத்துவிட்டது வேறொரு கோளாறு. அது ரேடியேட்டர் அடைப்பாக இருக்கலாம். புதிய தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடலாமா?
— கரூர் வாசகர்

பதில்: நடுவழியில், இரவில், வேறு வழியே இல்லாதபோது போடலாம்; பல லாரிகளை அது ஊர் சேர்த்திருக்கிறது. மறுநாளே ரேடியேட்டரைக் கழற்றிப் பற்றுவைத்து, முழு அமைப்பையும் அலச வேண்டும். ஒழுகும் துளையை அடைத்த மஞ்சள், ஒழுகாத குழாயையும் அடைக்கும். கடையில் விற்கும் ஒழுகல் அடைப்பான்களுக்கும் இதே விதிதான்.

கேள்வி: எங்கள் பழைய டிராக்டரில் தண்ணீரோடு பால்போல் கலங்கும் எண்ணெயைச் சேர்ப்பது அப்பா காலத்து வழக்கம். தொடரலாமா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: அது லேத் பட்டறையில் பயன்படும், தண்ணீரில் கரையும் எண்ணெய். கூலன்ட் எளிதில் கிடைக்காத காலத்தில் துருவைத் தடுக்க நல்ல உபாயமாகத்தான் இருந்தது. உங்கள் தந்தையார் செய்ததில் குறையில்லை. ஆனால், எண்ணெய் ரப்பர் ஹோஸ்களை உப்பச் செய்யும். சுவரில் படிந்து வெப்பம் கடத்துவதையும் குறைக்கும். தண்ணீர் நேரடியாகச் சுற்றும் லைனர்கள் (சிலிண்டர் உட்குழல்கள்) கொண்ட டீசல் எஞ்சினாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒவ்வொரு வெடிப்பிலும் லைனர் அதிரும்போது அதன் வெளிச்சுவரில் நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, ஆண்டுக்கணக்கில் குழி பறித்து, கடைசியில் லைனரையே துளைத்துவிடும். கனரக டீசல் எஞ்சினுக்கென்று விற்கும் கூலன்டில் இதற்கென்றே நைட்ரைட் அல்லது மாலிப்டேட் சேர்க்கிறார்கள். காருக்குரிய பாட்டிலில் அது இல்லாமல் போகலாம். ஆகவே ‘ஹெவி டியூட்டி’ என்று குறித்திருப்பதை வாங்குங்கள். எண்ணெய்ப் பசை முழுவதும் போக அலசிய பிறகே ஊற்ற வேண்டும்.

கேள்வி: கூலன்ட் தீர்ந்துவிட்டதா, இன்னும் ஓடுமா என்று வீட்டிலேயே கண்டறிய முடியுமா?
— சேலம் வாசகர்

பதில்: நிறம் மங்காமல் இருப்பதை நம்பாதீர்கள்; தடுப்பான் தீர்ந்தாலும் சாயம் தீராது. எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் மல்டிமீட்டர் இருந்தால் போதும். எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்மின் (−) முனையிலும், சிவப்பு முனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வையுங்கள். டி.சி. அளவில் 0.3 வோல்ட்டைத் தாண்டினால், கூலன்ட் மின்பகு திரவமாக மாறத் தொடங்கிவிட்டது என்று பொருள், மாற்றிவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, விளக்குகளைப் போட்டபின் அந்த அளவு திடீரென்று கூடினால், குற்றம் கூலன்டில் இல்லை. எங்கோ எர்த் வயர் தளர்ந்து, மின்சாரம் ரேடியேட்டர் வழியாகத் திரும்புகிறது. புதுக் கூலன்டுக்குச் செலவழிக்கும் முன் அந்த வயரை இறுக்குங்கள். கூலன்டின் மேல் எண்ணெய் மிதந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பிபோல் மாறியிருந்தாலோ இந்தச் சோதனையெல்லாம் தேவையில்லை. ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள்.

கேள்வி: பழைய கூலன்டை வாசலில் வடித்தபோது எங்கள் நாய் அதை நக்கப் பார்த்தது. அது விஷமா?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: கொடிய விஷம். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் என்பதால் நாயும் குழந்தையும் விரும்பிச் சுவைக்கும்; பூனையும் நக்கிவிடுவதுண்டு. பூனைக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒன்றரை மில்லி போதும் உயிரைப் பறிக்க. வளர்ந்த மனிதருக்கே ஏறத்தாழ 100 மில்லி எமனாகலாம். முதலில் போதையேறியதுபோல் தள்ளாட்டம் வரும். பிறகு தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். அதற்குள் உடம்பில் உண்டாகும் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகங்களை அடைத்திருக்கும். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொண்டிருப்பதுதான் உயிரை வாங்குகிறது. மாற்று மருந்து உண்டு. ஆனால், சில மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். நக்கியது தெரிந்தவுடனே கால்நடை மருத்துவரிடமும், குழந்தையானால் மருத்துவமனைக்கும் ஓட வேண்டும். கூலன்ட் பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வடிக்கும்போது அகலமான தட்டில் பிடித்து, உடனே மூடியுள்ள கேனில் ஊற்றி, அதன்மேல் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டுங்கள். குடிநீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், பழைய ஆயிலைச் சேகரித்து அனுப்பும் பட்டறையில் ஒப்படையுங்கள். வாசலில் ஏற்கெனவே சிந்தியதன்மீது மணலைத் தூவி அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, நிறைய தண்ணீர் விட்டு அந்த இடத்தைக் கழுவிய பிறகே நாயை அவிழ்த்துவிடுங்கள்.